எமது முதல் முப்போட்டி

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கும்மிடிப்பூண்டிக்கு மேற்கேயுள்ள ஓர் ஏரியில், வலப்புயத்தில் 47 என்னும் எண் மையாற் பொறிக்கப்பெற்று, முழங்காலளவு நீரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். அந்நடுக்கம் பனியாலாயதென்று அருகில் நின்றவர் எண்ணினர். யாமும் அவர்க்கு அவ்வாறே சொல்லி வைத்தோம்.

எம் கல்லூரி நண்பர்கள் பலர் இப்பந்தயத்தின் பெயரைக் கேட்டிருப்பரேனும் அதன் இயல்பை அறியாதாரும் சிலர் இருப்பராதலின் சிறிது கூறுதும். முதலில் நீந்தவேண்டும், கரையேறியவுடன் சைக்கிள் ஊரவேண்டும், அதனினின்றும் இறங்கியவுடன் ஓடவேண்டும். இடையில் ஓய்வில்லை. உடை மாற்றுதற்கும் காலணி பூணுதற்கும் ஆகும் பொழுதுங்கூடக் கணக்கிற் சேரும். டிரையத்லான் என்பது இதன் பெயர். மூன்று எனவும் போட்டி எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆயது. ஆகவே முப்போட்டி என்று யாம் பெயரிட்டோம். முத்தமிழ் பயில்வார்க்கு இது மிகவும் பொருத்தமென்று எம் அறைத்தோழர் நகையாடினார். அவர் கணித வகுப்பினர். கன்னியாகுமரிக் கடற்கரையிற் பிறந்தவர். நீந்தத் தெரியாத மனிதரும் உலகில் உளரென்பதை எம்மைக் கண்ட பின்னரே அறிந்தவர்.

1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள சான்டியாகோ நகரில், மிஷன் பே என்னும் கடற்கழியில் 46 பேர் கலந்துகொண்ட பந்தயமே இப்பெயரால் நடந்த முதற் பந்தயம் என்பர். சில ஆண்டு கழித்து, நீந்துவார், சைக்கிள் ஊர்வார், ஓடுவார் ஆகிய மூவருள் உடல்வன்மை மிக்கார் யாவர் என்று ஹவாயில் ஒரு வாதம் எழுந்தது. ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, மூன்றனையும் ஒரே நாளிற் செய்து பார்த்துவிடலாமென்று தீர்ப்புக் கூறினார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978 பெப்ருவரியில் நடந்த அப்பந்தயத்திற் புகுந்தோர் 15 பேர்; முடித்தோர் 12 பேர். வென்றவர் கார்டன் ஹாலர். அவர்க்கான பொழுது 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அவர்க்கு முன்னே ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பார் என்பாருடைய துணைவரிடம் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோகவே, அவர்கள் அவருக்குப் பீர் கொடுத்தனராம். அவர் தள்ளாடி இரண்டாமவராய் வந்தார். மதுவிலக்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

2000ஆம் ஆண்டில் சிட்னி நகரத்து ஒலிம்பிக் விழாவில் இப்போட்டி இடம்பெற்றது. அங்கே நீச்சல் 1.5, சைக்கிள் 40, ஓட்டம் 10 கிலோமீட்டர். 2019 அக்டோபரில் கோவாவில் ஹவாய்ப் பந்தயத்தின் பாதியளவுப் போட்டியொன்று நடைபெற்றபின் நம் நாட்டிலும் இதற்கு ஆர்வலர் பெருகினர். யாம் புகுந்தது ஒலிம்பிக் அளவினும் பாதி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். குழந்தைப் பருவத்துப் போட்டி என்று கைதேர்ந்தவர் நகைப்பர். நகைக்க.

இனி எம் அச்சத்தின் வரலாறு. யாம் பிறந்தது பொன்னேரியை அடுத்த ஒரு சிற்றூர். ஆரணியாறு எம் ஊர்ப்புறத்தே சென்று பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. ஆண்டிற் பெரும்பகுதி அது மணலாறு. ஐப்பசி கார்த்திகையில் மழை மிகுந்து, ஆந்திர நாட்டுப் பிச்சாட்டூர் அணையும் திறக்கப்பட்டால் நீராறு. மணல் அள்ளுவார் தோண்டிய குழிகளை வெள்ளம் மூடிவிடும். மேலே பார்ப்பார்க்கு எங்கும் ஒரே சமமாகத் தோன்றும். எமக்கு ஒன்பது வயது நிரம்பிய ஆண்டில், பள்ளி விடுமுறை நாளொன்றில் மூவர் ஆற்றங்கரை சென்றோம். இருவர் நீரில் இறங்கினர். எமக்கு நீந்தத் தெரியாதாகலின், சட்டைகளை நாய் இழுத்துச் செல்லாதபடி காத்திருக்குமாறு எம்மைக் கரையில் இருத்தினர். அவர்களுள் ஒருவன் மூழ்கி எழுந்தான், மீண்டும் மூழ்கினான். அவன் விளையாடுகின்றான் என்று யாம் நகைத்துக்கொண்டிருந்தோம். மற்றவன் கரையேறி அலறிய பின்னரே எமக்குப் பொருள் விளங்கிற்று. ஊரார் வந்து தேடி எடுத்தபொழுது மாலையாகிவிட்டது. அவன் தாயார் வரும்வரை அச்சட்டை எம் மடியிலேயே இருந்தது. அதனை அவர் கையிற் கொடுத்தவர் யாமே.

அன்று முதல் எம் தாயார் எம்மை ஆற்றுக்கும் குளத்திற்கும் விட்டாரல்லர். வாளியில் மொண்டு குளிக்கும் நீரன்றி வேறு நீரை யாம் அறியாமலே பதினெட்டாண்டு வளர்ந்தோம். கல்லூரியில் ஆதிமந்தியின் வரலாற்றைப் பாடங் கேட்ட நாளில், கழார்த் துறையில் ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்துசென்றது என்று எம் பேராசிரியர் விளக்க, ஏனையோர் குறிப்பெழுதினர். எமக்குக் கை எழவில்லை. அவ்விரவில்தான் இவ்வச்சத்தை அறைத்தோழரிடம் முதன்முறையாகச் சொன்னோம். அவர் ஆறுதல் மொழி ஒன்றும் கூறிற்றிலர். மறுவாரம் தமக்கும் எமக்குமாக இப்போட்டிக்குக் கட்டணம் செலுத்தி, இரசீதை எம் மேசைமேல் வைத்துவிட்டார். அத்தொகை எங்கள் விடுதியின் ஒரு திங்கள் உணவுச் செலவிற் பாதி. அதனை வீணாக்குதல் பாவமென்று தோன்றியதும் யாம் இதிற் புகுந்தமைக்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

நீச்சல் கற்பித்தவர் எம் பாட்டனார். அவர்க்கு வயது எழுபத்தெட்டு, ஊன்றுகோலின்றி நடவார். கோடை விடுமுறையில் வயற்கிணற்றுக்கு எம்மை அழைத்துச் சென்று, உலர்ந்த சுரைக்குடுக்கை இரண்டினை முதுகிற் கட்டி, "இறங்கு" என்றார்.

"அம்மா அறிந்தால்?" என்றோம்.

"அவளுக்கும் இந்தக் கிணற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்" என்றார்.

இஃது எமக்குப் புதுச் செய்தி. எம் தாயார் நீந்த வல்லார் என்பதை அன்றுவரை யாம் அறியோம். பாட்டனார் கிணற்றுச் சுவரில் அமர்ந்து கோலாற் சுட்டிச் சுட்டிக் கற்பித்தார். முதற் பத்து நாளும் அவர் சொன்னது ஒன்றே: நீருக்குள் மூச்சை விடு, வெளியே வாங்கு. அஞ்சினவன் மூச்சை அடக்குவான், அடக்கினவன் இளைப்பான், இளைத்தவன் அமிழ்வான் என்பது அவர் முறை. பின்னர் ஒரு குடுக்கை போயிற்று. பின்னர் மற்றதும் போயிற்று. ஒருநாள் தாம் எம் வயதில் இக்கிணற்றின் அடிமண்ணை எடுத்துவந்து காட்டியதாகக் கூறி, மேலே ஒன்றும் சொல்லாது நீரை நெடுநேரம் நோக்கியிருந்தார். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் இவ்வாறே இளமையில் மடுவில் குதித்து மணல் கொணர்ந்ததை முதுமையில் நினைந்து இரங்கிய பாடலைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்திருந்தோம். அதன் பொருளுரையைக் கோலூன்றிக் கிணற்றங்கரையிற் கண்டது அன்றுதான்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டா. அஃது எம் தந்தையாருடையது. பின்னே காரியரும் முன்னே கூடையும் உடையது. பற்சக்கர மாற்றம் இல்லாதது. அதில்தான் அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலுள்ள ஓர் உருக்காலைக்குச் செல்வது வழக்கம். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி, பாளமாக வார்த்து, அதனை உருளைகளின் இடையே செலுத்தி வீடு கட்டும் கம்பியாக நீட்டுவர். செந்நிறமாகப் பாம்புபோல் நெளிந்துவரும் கம்பியைக் குறடாற் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிடுதல் எம் தந்தையார் தொழில். அவர் முன்கைகளில் எண்ணிறந்த தழும்புகள் உண்டு. யாம் செய்யும் பயிற்சிகளை அவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு உழைப்புக்குக் கூலி என்ன?" என்று ஒருமுறை கேட்டார். ஒரு பதக்கம் தருவர் என்றோம். அவர் காரியரைக் கழற்றித் தந்தார். செயினுக்கு எண்ணெயும் இட்டார்.

தாயாரிடம் சொல்வதை நாடோறும் தள்ளிவந்தோம். போட்டிக்கு முன்னாள், சனிக்கிழமை மாலை, மின்ரயிலில் பொன்னேரி வந்திறங்கியபின் வேறு வழியில்லாமற் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நாளை ஓய்வுநாளாயிற்றே" என்றார்.

இதற்கு விடையிறுப்பது எளிதன்று. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் எரிக் லிட்டல் என்னும் ஸ்காத்லாந்து வீரர், நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தமையால் அதில் ஓட மறுத்து, நானூறு மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் பொற்பதக்கம் பெற்றதை ஞாயிற்றுப் பள்ளியில் எமக்குப் பலமுறை சொல்லியிருந்தவர் எம் தாயாரே. அவர் பின்பு சீனத்தில் ஊழியம் செய்து 1945இல் ஜப்பானியர் காவல் முகாமில் உயிர்நீத்ததையும் கண்ணீரோடு சொல்வார். லிட்டலின் முன் எம்மை நிறுத்தினால் யாம் எவ்வளவினேம்? யாம் போதகரிடம் முன்னரே கேட்டிருந்தோம். அவர், காலையில் வரமாட்டாதவன் மாலை ஆராதனைக்கு வரலாம், ஆனால் வந்தே தீரவேண்டும் என்று கூறியிருந்தார். அதனைத் தாயாரிடம் சொன்னோம். அவர் முகம் தெளியவில்லை. அப்பொழுதுதான் ஓய்வுநாள் என்றது வாயென்றும், நீர் என்றது நெஞ்சென்றும் உணர்ந்தோம். "அம்மா, தாத்தாவின் கிணற்றில் முந்நூறு முறை குறுக்கே நீந்தியிருக்கிறேன்" என்றோம். அவர் எழுந்து அடுக்களைக்குட் சென்றார். இரவு உணவின்போதும் அதைப்பற்றிப் பேச்சில்லை. நான்கு மணிக்கு யாம் எழுந்தபொழுது அவர் சேலை மாற்றி வாயிலில் நின்றார்.

ஏரிக்கரையில் அவர் செய்தது ஒன்றுதான். யாம் கழற்றிய சட்டையை வாங்கிக்கொண்டார். பின்பு நீருக்குப் புறங்காட்டி, சாலையை நோக்கி நின்றுகொண்டார்.

ஊதல் ஊதப்பெற்றது. பன்னிருவர் ஒருங்கே பாய்ந்தோம். கிணற்றில் நீந்தினவனுக்கு ஏரி வேறு உலகம். கிணற்று நீர் தெளிந்தது. ஏரி நீரில் நீட்டிய எம் கையே எமக்குத் தோன்றவில்லை. ஒருவர் கால் எம் கன்னத்தில் உதைத்தது. மற்றொருவர் எம் முதுகின்மேல் ஏறிச் சென்றார். பகையன்று, அவர்க்கும் கண் தெரியவில்லை. மஞ்சள் மிதவையை நோக்கிச் செல்லவேண்டியிருக்க, யாம் தலையைத் தூக்கிப் பார்த்தபொழுது நாமக்கோழிக் கூட்டமொன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். திரும்பினோம். அவ்வேளையில் நீர்ப்பாசிக் கொடியொன்று காலைச் சுற்றியது.

அதன்பின் நடந்தது எமக்கு முழுதும் நினைவில்லை. மூச்சு அடங்கிற்று. சட்டை நினைவுக்கு வந்தது. அதன் நீலக் கோடுகளும் ஒரு பொத்தான் இல்லாமையும் வந்தன. பாதுகாவற் படகு பதினைந்து முழத்தில் நின்றது. எவ்வாறோ அதனை எட்டிப் பிடித்தோம். படகிலிருந்த இளைஞர், "மேலே ஏறுகின்றீரா? ஏறினால் ஆட்டம் முடிந்தது. பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், படகு நகராதவரை குற்றமில்லை" என்றார். இவ்விதி உண்மையில் உள்ளதே. யாம் பிடித்துக்கொண்டிருந்தோம். கரையை நோக்கினோம். எம் தாயாரின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் யாம் படகில் ஏறியிருப்போம் என்றே இன்றும் எண்ணுகின்றோம்.

நீருக்குள் விடு, வெளியே வாங்கு. இருபது முறை எண்ணினோம். பிறகு கையை விட்டு மல்லாந்து மிதந்தோம். இப்போட்டியில் எவ்வகை நீச்சலும் தகும். நாய் நீச்சலுங்கூட ஆகும். வானம் வெளுத்திருந்தது. மல்லாந்தபடியே கையை வீசிச் சிறிது தொலைவு சென்று, பின்பு குப்புறத் திரும்பி, எதிர்க்கரையிலுள்ள ஒற்றைப் பனையைக் குறியாகக் கொண்டு, ஆறு வீச்சுக்கு ஒருமுறை தலை நிமிர்த்து அதனைப் பார்த்துப் பார்த்து நீந்தினோம். எம் அறைத்தோழர் 13 நிமிடத்திற் கரையேறினார். யாம் ஏற 29 நிமிடம் ஆயிற்று. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்தியதையும், 1994இல் சிறுவரான குற்றாலீசுவரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்ததையும் நினைந்தால் எம் 750 மீட்டர் ஒரு பொருளன்று. ஆயினும் காலடியில் சேறு தட்டுப்பட்டபொழுது யாம் உரக்கக் கூவியது உண்மை.

சைக்கிளைத் தொடுமுன் தலைக்கவசம் அணிந்து வாரைப் பூட்டவேண்டும் என்பது விதி. நடுங்கும் விரலால் அதற்கே இரண்டு நிமிடம் கழிந்தது. மாதர்பாக்கம் செல்லும் சாலையிற் புகுந்து, ஒரு கிளைச்சாலை வழியே சிப்காட்டின் ஓரமாகச் சென்று திரும்பவேண்டும், இருமுறை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகள் அவை. ஞாயிறு காலையாதலின் போக்குவரத்துக் குறைவு. எனினும் தூசிக்குக் குறைவில்லை. தேநீர்க் கடைகளில் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் கூடி நின்றனர். மெலிந்த சக்கரங்களையுடைய விலையுயர்ந்த வண்டிகள் பறந்துசெல்வதைப் பேசாமற் பார்த்துக்கொண்டிருந்தவர், கூடை வைத்த எம் வண்டியைக் கண்டதும் ஆரவாரித்துக் கைதட்டினர். அவர்கள் நாள்தோறும் ஊர்வது அத்தகைய வண்டியே.

இரண்டாஞ் சுற்றில், எம் தந்தையாரின் ஆலை வாயிலுக்கு ஒரு கல்லெறி தூரத்தில் செயின் கழன்றது. இறங்கினோம். இரவு முறை முடிந்து வெளியே வந்து நின்ற தந்தையார் அதனைக் கண்டு விரைந்து ஓடிவந்தார். போட்டித் தொண்டர் ஒருவர் கையை உயர்த்தி, பிறர் தொட்டால் வீரர் விலக்கப்படுவார் என்றார். தந்தையார் அப்படியே நின்று, இரு கைகளையும் பின்புறம் கட்டிக்கொண்டார். செந்தணற் கம்பியைத் திருப்பும் கைகள்; ஒரு சைக்கிள் செயினைத் தொடக்கூடாதென்று கட்டுண்டு நின்றன. யாம் இருமுறை தவறினோம். மூன்றாம் முறை பற்களில் அமர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபொழுது அவர் உதடுகள் எம்மோடு சேர்ந்து அத்தனை வேலையையும் செய்து முடித்த பாவனையில் இறுகியிருந்தன. "போ" என்றார்.

ஓட்டத்தைச் சுருக்கிச் சொல்வோம். சைக்கிளினின்று இறங்கியவுடன் கால்கள் மிதிக்கும் பழக்கத்தை விடா. ஓடவேண்டும் என்று நாம் நினைக்க, அவை இன்னும் வட்டமிடவே நினைக்கும். முதல் ஒரு கிலோமீட்டர் மரக்கால் பூட்டினாற்போன்றிருந்தது. ஏரிக்கரை நெடுக, வேலமரங்களின் நடுவே, செம்மண் தடத்தில் ஓடினோம். அறைத்தோழர் முன்னரே முடித்து, வாழைப்பழம் தின்றுகொண்டே எமக்கு எதிரே வந்து, கடைசி அரைக் கிலோமீட்டரில் வாய் ஓயாமல் கணக்குச் சொன்னார்; இன்னும் இத்தனை அடி, இன்னும் இத்தனை அடி என்று. அக்கணக்கிற் பல பிழைகள் இருந்தன என்று கணித வகுப்பாருக்குத் தெரிவித்துக்கொள்கின்றோம். எல்லாம் சேர்ந்து 2 மணி 11 நிமிடம். கடைசியிலிருந்து மூன்றாமிடம்.

பதக்கத்தை யாரோ கழுத்தில் மாட்டினர். எம் தாயார் கரையின் அதே இடத்தில் நின்றார். இப்பொழுது ஏரியை நோக்கி நின்றார். சட்டையை நான்காக மடித்து மார்போடு வைத்திருந்தார். யாம் அருகே சென்றதும் அதனை எம் கையிற் கொடாமல், தோளிற் போட்டு, தம் முந்தானையால் எம் தலையைத் துவட்டத் தொடங்கினார். ஏரியைவிட்டு ஏறி ஒன்றரை மணிக்கு மேலாயிற்று. தலையில் வியர்வையன்றி நீரில்லை. யாம் அதனைச் சொல்லவில்லை.

"நடுவில் நெடுநேரம் சத்தமே இல்லை" என்றார்.

"படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அம்மா."

அவர் மேலும் சிறிதுநேரம் துவட்டினார். பின்பு எம் புயத்தைத் திருப்பி, 47ஐப் பார்த்து, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். மை அசையவில்லை.

"மாலை ஆராதனைக்குள் இதை அழித்துக்கொள்" என்றார்.